பூட்டிய பீரோவும் பாஸ்வேர்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, பேசியதைப் பேசியவாறே கூடியமட்டும் விட்டிருக்கிறேன்.)



செயலாளர் போன் செய்து, "நீங்க முப்பது வருஷத்துக்கு மேல நூலகரா இருந்தவர், நூலகத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க, அரை மணி நேரம் போதும்" என்றார். ஏதாவது என்றால் என்ன? விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்குவதற்குள் முடிவு செய்துகொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது முடிவுக்கு வந்தேன். நூலகத்தின் பெருமையைப் பேசப் பலர் இருக்கிறார்கள். நூலகனாக நான் செய்த ஒரு தப்பைப் பேச நான் ஒருவன்தான் இருக்கிறேன். அதையே பேசிவிடுகிறேன்.

அதற்கு முன், நாங்கள் படித்த காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1979-இல் நான் இங்கே பி.எஸ்ஸி. சேர்ந்தேன். அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993-இல்தான். கல்லூரிகளெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பிறகு திருவள்ளுவர் பல்கலைக்கழகம், இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று மாறி மாறி வந்திருக்கிறோம். நூலகம் என்றால் எங்களுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட பீரோக்கள். எல்லாவற்றுக்கும் பூட்டு. சாவிக் கொத்து உதவியாளர் இடுப்பில். நாம் கண்ணாடி வழியாகப் புத்தகத்தின் முதுகைப் படித்துவிட்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அவர் மனசு வைத்தால் எடுத்துத் தருவார். டோக்கனுக்கு ஒரு புத்தகம், இரண்டு டோக்கன். வேண்டிய பக்கத்தை உட்கார்ந்து கையால் நோட்டில் எழுத வேண்டும். நான் அப்படி எழுதிய நோட்டுகள் இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. வீட்டு அம்மா எடைக்குப் போடச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

எழுத அலுப்புப்பட்டவர்களிடம் வேறொரு கருவி இருந்தது. பிளேடு. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம், தாவரவியல் புத்தகம் ஒன்றில் படம் போட்ட எட்டுப் பக்கங்கள் காணாமல் போயின. அந்த ஒரு பிரதிதான் இருந்தது. விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சர் வண்டியில் வந்து படித்த நண்பன் ஒருவன், டோக்கனைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கிப் பிரித்து, அந்த இடத்தில் மீதியிருந்த காகித விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அறுத்தவர் யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். யார் ரொம்பப் பலமாகச் சிரிக்கிறாரோ அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி. இப்போதைய பிள்ளைகளுக்குப் பூட்டிய பீரோ கிடையாது. ஒரு பட்டனைத் தட்டினால் உலகத்துச் சஞ்சிகைகள் வந்து நிற்கின்றன. இது எப்படி வந்தது என்று பலருக்குத் தெரிவதில்லை. 2003 டிசம்பரில் அப்துல் கலாம் அவர்கள் குடியரசுத் தலைவராக இருந்தபோது, யு.ஜி.சி.யின் மின்னிதழ்க் கூட்டமைப்பைத் தொடங்கி வைத்தார். பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே கையால் சந்தா கட்டுவதற்கான ஏற்பாடு அது. ஆனால் பல்கலைக்கழகங்களோடு நின்றுவிட்டது. நம்மைப் போன்ற கலைக் கல்லூரிகளுக்கு வாசல் திறந்தது 2010-இல் வந்த என்-லிஸ்ட் திட்டத்தால். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் அதை நடத்தியது. ஒரு கல்லூரி ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டினால், ஆயிரக்கணக்கான மின்னிதழ்களும் லட்சக்கணக்கில் மின்நூல்களும். எத்தனை கல்லூரிகளில் அந்த ஆயிரங்களுக்கு அனுமதி வாங்குவதற்குள் நூலகர்களுக்கு நாக்குத் தள்ளிப்போயிற்று என்பது தனிக் கதை.

அடுத்தது, 'ஒரே நாடு ஒரே சந்தா' என்கிற திட்டம். மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள், சுமார் 6,300 அரசு நிறுவனங்கள், சுமார் 1 கோடியே 80 லட்சம் மாணவர்களும் ஆசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் என்று கணக்குச் சொன்னார்கள். மத்திய அரசும் மாநில அரசும் நடத்துகிற கல்லூரிகள் இதில் வருகின்றன. அதாவது ஐ.ஐ.டி. மெட்ராஸில் உட்கார்ந்திருப்பவர் படிக்கிற சஞ்சிகையை, செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து அரசுக் கல்லூரிக்கு வருகிற பிள்ளையும் படிக்கலாம். எங்கள் காலத்தில் இதைச் சொல்லியிருந்தால், "இன்னாபா, வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டியா?" என்று கேட்டிருப்பார்கள்.

இங்கேதான் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு நூலகம் புத்தகத்தை விலைக்கு வாங்கியது. வாங்கியபின் அது நம் சொத்து. பக்கத்தை அறுத்தால் நஷ்டம் நமக்கு. லண்டனில் இருக்கிற பதிப்பகத்தார் வந்து பீரோவைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. மின்னிதழை நாம் விலைக்கு வாங்குவதில்லை. வாடகைக்குப் பிடிக்கிறோம். வாடகை வீடு என்றால் ஒப்பந்தம் உண்டு. யார் குடியிருக்கலாம், மாடியில் எத்தனை பேர் படுக்கலாம், உள்வாடகைக்கு விடலாமா என்றெல்லாம் எழுதியிருக்கும். அந்தப் பத்திரத்தில் மாணவர் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. கல்லூரி போடுகிறது, அல்லது கல்லூரிக்காக அரசு போடுகிறது. மீறுகிறவர் ஒருவர், காலி செய்யச் சொல்லப்படுவது எல்லோரும்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த கல்லூரி வேறு மாவட்டத்தில் இருந்தது, பெயர் வேண்டாம். அங்கே ஒரு பதிப்பகத்தின் உயிரியல் சஞ்சிகைகளுக்கு நேரடியாகச் சந்தா கட்டியிருந்தோம். வளாகத்துக்குள் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் திறக்கும். வீட்டிலிருந்து படிக்க வேண்டுமானால் அவரவர் பாஸ்வேர்டைப் போட்டு, கல்லூரி சர்வர் வழியாகப் போக வேண்டும். அப்படிப் போகும்போது அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆள் தெரியாது, கல்லூரியின் எண் மட்டும்தான் தெரியும். வீட்டு எண் மாதிரி, ஐ.பி. எண் என்பார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மாலை பழைய மாணவன் ஒருவன் வந்தான். நல்ல பையன். படிக்கிற காலத்தில் என் நூலகத்தில் பத்துப் பைசா பெறாத வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவன். அப்பா லாரி ஷெட்டில் வேலை. பகுதி நேரமாக பி.எச்டி. பண்ணப் போவதாகச் சொன்னான்.

"சார், ஒரு பேப்பருக்கு முப்பது டாலர் கேக்கறான் சார். எங்க போறது? உங்க பாஸ்வேர்டு இருந்தா ஒரு மாசத்துக்குக் குடுங்க சார். நாலு பேப்பர் எடுத்துக்கறேன்."

கொடுத்தேன். துண்டுச் சீட்டில் எழுதி, மடித்துக் கையில் வைத்தேன். தப்பு என்று தெரிந்துதான் கொடுத்தேன். எங்கள் காலத்துச் சாவிக் கொத்துக்காரர் மாதிரி நான் இருக்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம் எனக்கு எப்போதும் உண்டு. அந்த வைராக்கியம் அன்றைக்குத் தப்பான இடத்தில் வேலை செய்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, என் பாஸ்வேர்டில் ஒரு புரோகிராம் உள்ளே போயிற்று. முதல் தொகுதி, முதல் இதழ், முதல் கட்டுரை என்று வரிசையாக, சில வினாடிக்கு ஒன்றாக, விடியும்வரை இறக்கியது. மனிதன் படிக்கிற முறை வேறு. ஒன்றைத் திறப்பான், சுருக்கத்தைப் பார்ப்பான், வேண்டாம் என்று மூடுவான், டீ குடிக்கப் போவான். வரிசை மாறாமல், தூங்காமல் இறக்குவது இயந்திரம் என்று அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு உடனே தெரிந்துவிடும். சனிக்கிழமை காலை அந்தப் பதிப்பகம் கல்லூரியின் எண்ணையே மூடிவிட்டது. ஆள் யார் என்று அவர்களுக்குத் தெரியாதே! வீட்டுக்கே பூட்டு.

திங்கள்கிழமை காலை முதல் ஆளாக வந்து நின்றது எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்த ஒரு பெண். வேர்க்கடலையில் வரும் டிக்கா இலைப்புள்ளி நோய்தான் அவளுடைய புராஜெக்ட். எந்த ரகம் என்று கேட்டேன். "டி.எம்.வி. 2 சார்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. உங்களுக்குத் தெரியும், டி.எம்.வி. என்றால் திண்டிவனம். நம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-இல் வெளிவந்த மணிலா ரகம். நாம் மல்லாட்டை என்று சொல்லிக் கொறித்தோமே, அதுதான். தேசமெங்கும் விதைத்தார்கள். அதைப் பற்றி எத்தனையோ ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றில் பல, காசு கட்டினால்தான் திறக்கும். நம்ம ஊர்ப் பயிரைப் பற்றி நம்ம மாநிலத்துப் பிள்ளை படிப்பதற்கு வெளிநாட்டுப் பதிப்பகத்தின் பூட்டு. அந்தப் பூட்டின் மேல் இன்னொரு பூட்டு, நான் போட்டது.

"சார், வியாழக்கிழமை கைடு கிட்ட மூணாவது சாப்டர் குடுக்கணும். சனிக்கிழமை வரைக்கும் திறந்துச்சே சார்?"

"சர்வர்ல ஏதோ கோளாறும்மா" என்று சொன்னேன்.

அதுவும் பொய். ஒரு தப்பை மறைக்க இன்னொன்று. அன்று மத்தியானம் பையனுக்குப் போன் போட்டேன். முதலில் எடுக்கவில்லை. சாயங்காலம் எடுத்தான். புராஜெக்ட் சென்டர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தெரியும் அல்லவா, காசு வாங்கிக்கொண்டு மாணவர்களுக்கு புராஜெக்ட் எழுதித் தருகிற கடை. அவன் முதலாளி பாஸ்வேர்டைக் கேட்டிருக்கிறார், இவன் கொடுத்திருக்கிறான். "அவரு இப்படிப் பண்ணுவாருன்னு தெரியாது சார்" என்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவன் சொன்ன வாக்கியத்தை நானும்தான் முதல்வரிடம் சொல்ல வேண்டியிருந்தது, பெயரை மட்டும் மாற்றி.

சொன்னேன். முதல்வர் அறையில் நின்றுகொண்டே சொன்னேன். எழுத்தில் விளக்கம் கொடுத்தேன். பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினோம்: யார் செய்தது, எப்படி நடந்தது, இறக்கியவற்றை அழிக்கச் சொல்லியாயிற்று, இனி நடக்காமல் என்ன செய்திருக்கிறோம் என்று. பதினோரு நாள் கழித்துத் திறந்தார்கள். அந்தப் பெண்ணின் வியாழக்கிழமை எப்போதோ போய்விட்டது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? கட்டுரையின் முதல் பக்கம் இலவசமாகத் தெரியும் அல்லவா, அதில் ஆசிரியரின் ஈமெயில் இருக்கும். அவருக்கு நாலு வரி எழுதினாள். நான் இன்ன கல்லூரியில் படிக்கிறேன், உங்கள் கட்டுரை வேண்டும், இன்ன காரணத்துக்கு என்று. மறுநாள் காலை கட்டுரை வந்துவிட்டது; கூடவே அவர் எழுதிய இன்னும் இரண்டு. "சார், அவரே அனுப்பிட்டாரு சார்!" என்று ஓடிவந்து காட்டினாள். முப்பது வருஷம் நூலகம் படித்த எனக்கு அந்த யோசனை தோன்றவில்லை. அன்றைக்குத்தான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

மாணவர்களில் சிலர் மனசுக்குள் கேட்பது எனக்குத் தெரிகிறது. "ஏன் சார், அறிவு எல்லாருக்கும் பொதுதானே? எழுதினவனுக்கும் காசு இல்ல, திருத்தினவனுக்கும் காசு இல்ல, வரிப்பணத்தில ஆராய்ச்சி பண்ணி, அதையே வரிப்பணத்தில வாங்கிப் படிக்கணுமா?" கேள்வி நியாயமானதுதான். நானும் கேட்கிறேன். இந்த வியாபாரம் நியாயம் என்று நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

இந்தக் கேள்வியை உலகத்தில் மிகப் பலமாகக் கேட்டவர்களில் ஒருவன் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்கிற அமெரிக்க இளைஞன். 2010 கடைசியிலும் 2011 தொடக்கத்திலும், எம்.ஐ.டி. நிறுவனத்தின் இணைப்பு வழியாக ஜேஸ்டோர் என்கிற சஞ்சிகைக் களஞ்சியத்திலிருந்து நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இறக்கினான். ஜேஸ்டோர் எம்.ஐ.டி. முழுவதற்கும் சில நாட்கள் கதவை மூடிற்று. உலகத்தின் பெரிய கல்வி நிறுவனத்துக்கே அந்த கதி. 2011 ஜனவரியில் அவனைக் கைது செய்தார்கள். இறக்கியதை அவன் திருப்பிக் கொடுத்துவிட்டான், எங்களுக்கு வழக்கு வேண்டாம் என்று ஜேஸ்டோரே ஒதுங்கிக்கொண்டது. ஆனால் அமெரிக்க அரசு விடவில்லை. பல்லாண்டு சிறைத் தண்டனை வரக்கூடிய குற்றச்சாட்டுகளை அடுக்கினார்கள். 2013 ஜனவரி 11-இல் அந்தப் பையன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். வயது இருபத்தாறு. கட்டுரைகளை இறக்கியதற்கு இவ்வளவா என்று உலகம் பதறியது. எனக்கும் பதறுகிறது. ஒரு பிள்ளையின் உயிருக்கு எந்தச் சஞ்சிகையும் ஈடில்லை. ஆனால் மூடப்பட்ட அந்த நாட்களில் எம்.ஐ.டி. நூலகத்தில் வந்து நின்றவர்களையும் நான் நினைத்துக்கொள்கிறேன். என் பழக்கம் அப்படி.

நம் நாட்டுக் கதை ஒன்று கொஞ்சம் ஆறுதலானது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்கிற பெயரில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் பல புத்தகங்களிலிருந்து பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைக் குறித்துக் கொடுக்க, கடைக்காரர் படி எடுத்து, தைத்து, மாணவர்களுக்கு மலிவாகக் கொடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்டு பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் அதே ஆண்டு டிசம்பரில் வந்த தீர்ப்பும், பாடம் நடத்துவதற்காகப் படி எடுக்க நம் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது என்றது. இத்தனை பக்கம்தான் என்ற கணக்கில்லை, பாடத்துக்குத் தேவையா என்பதுதான் அளவுகோல் என்றது. அந்தச் சட்டத்தில் 52-ஆவது பிரிவை மாணவர்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள். நமக்கு இருக்கிற உரிமை நமக்குத் தெரிய வேண்டாமா?

ஆனால் இதை வைத்துக்கொண்டு, "சட்டமே சொல்லிடுச்சு, நான் வரிசையா இறக்குவேன்" என்று கிளம்பக் கூடாது. அது அச்சுப் புத்தகத்தில் பாடத்துக்காகப் பகுதி எடுத்த வழக்கு. மின்னிதழுக்குச் சட்டத்தோடு கூட ஒப்பந்தமும் உண்டு. கோர்ட்டில் நாம் ஜெயிக்கலாம். அதற்குள் அவர்கள் கதவை மூடிவிட்டால், வழக்கு முடிகிறவரை மூன்றாவது சாப்டர் காத்துக்கொண்டிருக்குமா?

ஸை-ஹப் பற்றியும் கேட்பீர்கள். கஜகஸ்தான் நாட்டுப் பெண் ஒருவர் 2011-இல் தொடங்கிய தளம். எல்சிவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இதில் அறம் எந்தப் பக்கம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நூலகனாக எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அம்மாதிரித் தளங்களுக்குக் கட்டுரைகள் பெரும்பாலும் எங்கேயோ ஒரு கல்லூரியின் பாஸ்வேர்டு வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. "உங்கள் கணக்கு காலாவதியாகிறது, இங்கே பாஸ்வேர்டு போடுங்கள்" என்று நூலகம் அனுப்புவது போலவே ஒரு மெயில் வரும். போடாதீர்கள். எந்த நூலகரும் மெயிலில் பாஸ்வேர்டு கேட்க மாட்டார்.

மற்றபடி செய்யலாம் செய்யக்கூடாது என்று பெரிய பட்டியல் ஒன்றுமில்லை. வேண்டிய கட்டுரையை இறக்குங்கள், படியுங்கள், அடிக்கோடிடுங்கள், பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புராஜெக்டில் பெயர் சொல்லி மேற்கோள் காட்டுங்கள். இதற்குத்தான் 6,000 கோடி. ஒரு இதழ் முழுவதையும் அள்ளுவது, புரோகிராம் வைத்து இறக்குவது, வாட்ஸப் குழுவிலும் டெலிகிராமிலும் கொட்டுவது, புராஜெக்ட் சென்டருக்கு விற்பது, இதெல்லாம் வீட்டை உள்வாடகைக்கு விடுகிற வேலை. இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. கட்டுரையை அப்படியே ஏ.ஐ. தளத்தில் ஏற்றி, "சுருக்கிக் கொடு" என்பது. பல பதிப்பகங்கள் இப்போது அதற்கும் ஒரு ஷரத்து எழுதுகிறார்கள். செய்வதற்கு முன் நூலகரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், இரண்டு பேரும் சேர்ந்து ஒப்பந்தத்தைப் படியுங்கள். நூலகரோடு உட்கார்ந்து ஒப்பந்தம் படித்த மாணவன் என்று எங்கள் சர்வீஸில் ஒருவன்கூடக் கிடைக்கவில்லை. முதல் ஆளாக இருங்கள்.

இன்னொரு சங்கடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அண்ணன் அரசுக் கல்லூரி, தங்கை தனியார் கல்லூரி. 'ஒரே சந்தா'வின் முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்கள் மட்டும்தான் என்று அறிவித்தார்கள். தங்கை கேட்டால் அண்ணன் எப்படி இல்லை என்பான்? பாஸ்வேர்டைக் கொடுக்காதே அப்பா, வழியைக் கொடு. அந்தப் பெண் செய்தது போல ஆசிரியருக்கு எழுதச் சொல். ஜேஸ்டோரில் பெயர் பதிந்தால், ஓர் எண்ணிக்கைவரை மாதந்தோறும் இலவசமாகவே படிக்கலாம். நம் நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்காவில் லட்சக்கணக்கில் இருக்கின்றன, யாரும் படிக்கலாம். இயற்பியல், கணிதம் என்றால் ஆர்க்கைவ் தளம் 1991 முதல் இருக்கிறது. மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட் சென்ட்ரல். ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்துகிற தேசிய மின்னூலகம், தமிழுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். இவ்வளவையும் தேடிக் கிடைக்காமல் ஒன்று பாக்கி இருந்தால், அப்புறம் நூலகரிடம் வாருங்கள். தேடாமல் வந்து நிற்பவர்கள்தான் எங்கள் அனுபவத்தில் அதிகம்.

இப்போது என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாம்தான் அந்தத் துண்டுச் சீட்டைக் கேட்கிறவர்கள். படித்து முடித்த அன்றோடு நம் பாஸ்வேர்டு செத்துவிடுகிறது. டிகிரி சர்டிபிகேட் கையில் வரும் முன்னமே அது போய்விடும். பள்ளி ஆசிரியராக இருக்கிறோம், வக்கீலாக இருக்கிறோம், மணிலா பயிர் வைத்து இலையில் புள்ளி விழுந்தால் என்ன மருந்து என்று தெரியாமல் நிற்கிறோம். நமக்கும் படிக்க வேண்டியிருக்கிறது. தெரிந்த பேராசிரியரிடமோ, இப்போதைய மாணவனிடமோ, "தம்பி, உன் நம்பரைக் கொஞ்சம் குடு" என்று கேட்கிறோம். அவன் பெரியவர் கேட்கிறாரே என்று கொடுப்பான், நான் கொடுத்த மாதிரி. கேட்காதீர்கள் ஐயா. அந்தப் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

அதற்கு மாற்று ஒன்று உண்டு. பல பதிப்பகங்களின் ஒப்பந்தங்களில், நூலகத்துக்கு நேரில் வந்து, அங்கே உள்ள கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படிக்கிற வெளியாளுக்கும் அனுமதி உண்டு. எந்தப் பதிப்பகத்துக்கு உண்டு, எதற்கு இல்லை என்று நம் நூலகர் அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். உண்டு என்பவற்றுக்கு மட்டும், முன்னாள் மாணவர்கள் அடையாள அட்டையைக் காட்டி வந்து படிக்க, நூலகத்தில் ஒரு மூலை ஒதுக்கித் தருமாறு முதல்வர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை அரை நாள் போதும். நானும் விழுப்புரத்திலிருந்து வந்து கூட உட்காருகிறேன், எனக்கு வேறு வேலை இல்லை.

கம்ப்யூட்டர் ஒன்று நான் வாங்கித் தந்துவிடுகிறேன். மேசைக்கும் நாற்காலிக்கும் அன்றைக்குப் பிளேடு வைத்திருந்த நண்பர் பொறுப்பேற்றுக்கொண்டால் எட்டுப் பக்கக் கணக்கை நேர் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். அதோ, கையைத் தூக்கிவிட்டார். செயலாளர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள்.